மார்பிலிருந்த திறவுகோல்

கிறிஸ்தவ வாழ்வில் உறுதி என்றதும் நமக்கு இரத்தசாட்சிகளே நினைவுக்கு வருகிறார்கள். ஒருமுறை காட்டி முடித்துவிடும் துணிவு அது. நாள்தோறும் புதிதாகக் காட்டியாக வேண்டிய துணிவும் ஒன்று உண்டு. அதன் வரலாற்றைத் தேடிப் போனால் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு சிறைவாசலில் சென்று நிற்போம்.

ஜான் பனியன் (1628–1688) ஓட்டைப் பாத்திரங்களைச் செப்பனிட்டுப் பிழைத்தவர். படிப்பு சொற்பம். 1660இல் மன்னராட்சி மீண்டபோது, அரசுத் திருச்சபையின் அனுமதியின்றிப் பிரசங்கித்தவர்கள்மீது பழைய சட்டங்கள் உயிர்பெற்றன. அவ்வாண்டு நவம்பரில், கிராமத்து வீடொன்றில் கூடியவர்களுக்குப் பிரசங்கிக்கச் சென்ற பனியன் கைதானார். விதித்த தண்டனை மூன்று மாதம்தான். ஆனால் அதன் முடிவில், இனிப் பிரசங்கிப்பதில்லை என்று அவர் வாக்குக் கொடுக்க வேண்டும்; மறுத்தால் நாடுகடத்தல். அவர் மறுத்தார். நாடுகடத்தவில்லை, மூன்று மாதம் 12 ஆண்டுகளாக நீண்டது.

வெளியே இரண்டாம் மனைவி எலிசபெத் கருவுற்றிருந்தார். கைதுச் செய்தியின் அதிர்ச்சியில் பிள்ளைப்பேறு முன்னதாகவே நேர்ந்தது, குழந்தை தங்கவில்லை. மூத்த தாரத்து மக்கள் நால்வர். அவர்களுள் மேரி பார்வையற்றவள். சிறைக்குள் காலணி நாடாக்கள் செய்து விற்று அவர்களைக் காத்தார் பனியன். குடும்பத்தைப் பிரிந்த வேதனையை, அதிலும் மேரியை எண்ணி உள்ளம் நொறுங்கியதை, 1666இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அவருடைய உறுதி கல்நெஞ்சின் உறுதியன்று என்பதை நாம் மறக்கலாகாது. அந்தச் சிறையின் சாவி ஒருவகையில் அவர் கையிலேயே இருந்தது. ஒரு வாக்குக் கொடுத்தால் போதும், கதவு திறந்துவிடும்.

1672இல் விடுதலையானார். 1678இல் வெளிவந்தது, தமிழ்க் கிறிஸ்தவ இல்லங்கள் ‘மோட்சப் பிரயாணம்’ என்று அறிந்த நூல். அதன் பெரும்பகுதி சிறையில் எழுதப்பட்டதென்பது பொதுவான கருத்து. அதில் வரும் பயணி வழுவாத வீரன் அல்லன். கரடுமுரடான பாதையில் கால் நொந்து, பக்கத்துப் புல்வெளி மெத்தென்றிருக்கக் கண்டு, தோழனையும் அழைத்துக்கொண்டு வேலி தாண்டுகிறான். இருவரும் அவநம்பிக்கை என்னும் அரக்கனின் கோட்டையில் சிக்கி, அடிபட்டு, சாவதே மேல் என்னும் நிலைக்கு வருகிறார்கள். விடியுமுன் பயணிக்குச் சட்டென்று நினைவு வருகிறது: திறவுகோல் தன் மார்பிலேயே இருக்கிறது! அதன் பெயர் வாக்குத்தத்தம். இறைவன் கொடுத்தது.

நீதிபதிகள் கேட்டது ஒரு வாக்கு. பனியன் பற்றியிருந்தது மற்றொரு வாக்கு. முதல் வாக்கைக் கொடுக்காமல் 12 ஆண்டுகள் இருக்க முடிந்ததற்கு இரண்டாவதே காரணம் என்று நாம் கருதுகிறோம்.

இந்நூல் தமிழில் ஒரு காப்பியமாக உருக்கொள்ள இன்னொரு நெடும்பயணம் வேண்டியிருந்தது. நெல்லைச் சீமையின் கரையிருப்பில், வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1858இல் திருமுழுக்குப் பெற்றார். பனியனின் கதையைத் தழுவி அவர் பாடிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ ‘நற்போதகம்’ இதழில் பல ஆண்டுகள் பகுதி பகுதியாக வந்து, 1894இல் நூலாயிற்று. அப்போது அவருக்கு அறுபத்தேழு வயது. 3,700க்கும் மேற்பட்ட செய்யுட்கள். கம்பனில் தோய்ந்த மனம், ஓர் ஆங்கிலப் பாத்திரத் தொழிலாளியின் உரைநடைக் கதையைக் காண்டம் காண்டமாகப் பெருங்காப்பியமாக்கியிருக்கிறது. 1900இல் அவர் மறைந்தார்.

கோட்டையிலிருந்து தப்பிய பயணிகள் உடனே விரைந்துவிடவில்லை. பின்னால் வருபவர்கள் ஏமாறாதிருக்க, வேலியருகே எச்சரிக்கை பொறித்த தூணொன்றை நாட்டிவிட்டே நடக்கிறார்கள். வழி தவறியவனும் திரும்பி வந்து நடக்கலாம் என்பதற்கு அந்தத் தூணே சான்று. விடாமுயற்சி என்று நாம் சொல்வதில் பாதி, இப்படித் திரும்பி வருவதுதான்.