ஜான் ஹென்றியின் சம்மட்டி

ஐக்கிய அமெரிக்க நாட்டின் வரலாற்றை அரசாங்க ஏடுகளின் வழியே படிப்போருக்கு ஒன்று விரைவில் புலப்படும். இருப்புப்பாதைக்கு மூலதனம் இட்டவர் யார், பாதையை வகுத்த பொறியாளர் யார், முதல் வண்டி ஓடிய நாள் எது என்பனவெல்லாம் அவற்றில் ஒழுங்காகப் பதிவாகியிருக்கும். மலையைக் குடைந்தவரின் பெயரை மட்டும் தேடித்தான் காண வேண்டும். அப்படிப்பட்ட பெயர் ஒன்றைப் பாட்டு காத்து வைத்தது. அப்பாட்டிலிருந்து நாவல்கள் பிறந்தன. ஜான் ஹென்றி என்னும் கறுப்பினத் தொழிலாளியின் கதையை நேயர்களுக்கு இன்று சொல்ல விழைகிறேன்.

உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்து அடிமை முறை ஒழிந்தபின், தென்மாநிலங்களில் இருப்புப்பாதை வேலை மும்முரமாக நடைபெற்றது. செசபீக்–ஓஹையோ இருப்புப்பாதைக்காக மேற்கு வர்ஜீனியாவின் டால்காட் அருகே, பிக் பெண்ட் என்னும் மலையில், ஒரு மைலுக்கு மேல் நீளமான சுரங்கம் 1870 முதல் 1872 வரை குடையப்பட்டது. பாறையில் துளையிட்டு, வெடிமருந்து திணித்துத் தகர்ப்பதே அக்கால முறை. ஒருவர் எஃகு உளியைப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பார். மற்றவர் சம்மட்டியால் அதன் தலையில் அடிப்பார். ஒவ்வோர் அடிக்கும் பிறகு, உளி பாறையில் சிக்காதவாறு முன்னவர் அதைச் சற்றே திருப்பிவிட வேண்டும். அடி தவறினால் அவர் கை போய்விடும். சம்மட்டி எப்போது விழும் என்பதை இருளிலும் புழுதியிலும் அவருக்கு அறிவித்தது தோழனின் பாட்டே. பாட்டின் தாளம் அங்கே பொழுதுபோக்கன்று, உயிர்க்காப்பு.

அந்தத் தாளத்திலிருந்து எழுந்த கதைப்பாடல் கூறுவது இது: நீராவியால் இயங்கும் துளைப்பொறி ஒன்று சுரங்கத்திற்குக் கொண்டுவரப்பட்டது. ஜான் ஹென்றி அதனோடு போட்டியிட்டு, அதைவிட ஆழமாகத் துளைத்து வென்று, கையில் சம்மட்டியோடு விழுந்து இறந்தார். வேலை தேடி இடம்பெயர்ந்த தொழிலாளர்களோடு இப்பாடலும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் சிறைப் பண்ணைகளுக்கும் சென்றது. வெள்ளையர், கறுப்பர் என்ற வேறுபாடின்றி அனைவரும் பாடினர். கை பென்டன் ஜான்சன் 1929-இலும், லூயிஸ் சாப்பெல் 1933-இலும் இதன் மூலத்தை ஆராய்ந்து தனித்தனி நூல்கள் வெளியிட்டனர்.

எழுத்தாளர்களும் வாளாவிருக்கவில்லை. ரோர்க் பிராட்ஃபோர்ட் என்னும் வெள்ளையர் 1931-இல் ஜான் ஹென்றியை நாவலாக்கினார். ஆனால் சுரங்கத்தை விட்டு அவரை மிசிசிப்பி ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்ப் பஞ்சுப் பொதிகளோடு நிறுத்திவிட்டார். 1940-இல் அது இசை நாடகமாக்கப்பட்டபோது பால் ராப்சன் என்னும் மாபெரும் பாடகரே நடித்தும், சில காட்சிகளோடு நின்றுபோயிற்று. பாட்டில் இருந்த பாறையை எடுத்துவிட்டால் மீதி நிற்பது கடினம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கோல்சன் வைட்ஹெட் 2001-இல் வெளியிட்ட ‘ஜான் ஹென்றி டேஸ்’ என்னும் நாவல் வேறு வகையானது. 1996-இல் அமெரிக்க அஞ்சல் துறை ஜான் ஹென்றிக்குத் தபால் தலை வெளியிட்டது. அதையொட்டி டால்காட்டில் நடைபெறும் விழாவுக்குச் செய்தி எழுத வரும் கறுப்பினப் பத்திரிகையாளர் ஒருவரே கதைத் தலைவர். விருந்து எங்கே கிடைக்கும் என்று அலைபவர், எதிலும் பற்றற்றவர். அவரோடு ஒரு பெண்ணும் வருகிறாள். ஜான் ஹென்றி தொடர்பான பொருள்களை வாழ்நாளெல்லாம் சேகரித்து, ஹார்லெம் பகுதியில் தம் வீட்டையே கண்காட்சியாக்கி, பார்ப்பாரின்றி மாண்டவரின் மகள் அவள். இவர்களுக்கு இடையிடையே, பாட்டின் மூலத்தைத் தேடிச் சென்ற ஆராய்ச்சியாளர், பாட்டை விலைக்கு விற்றவர், பாடிப் பதிவு செய்தவர், மேடையேறிய ராப்சன் எனப் பலர் வந்து போகின்றனர். பாட்டைத் தொட்ட ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய ஜான் ஹென்றியை எடுத்துக்கொண்டனர் என்பதையே ஆசிரியர் கதையாக்கியிருக்கிறார். நாவல் சற்று நீளந்தான். ஆயினும், உண்மையில் நடந்தது என்ன என்ற வினாவுக்கு விடை கூறாமல் விட்டதை அதன் பலமாகவே கருதுகிறேன்.

விடை தேட முனைந்தவர் ஸ்காட் ரெனால்ட்ஸ் நெல்சன் என்னும் வரலாற்றுப் பேராசிரியர். 2006-இல் வெளியான அவருடைய நூல், வர்ஜீனியச் சிறைச்சாலைப் பதிவேட்டிலிருந்து ஜான் வில்லியம் ஹென்றி என்ற கைதியை வெளிக்கொணர்ந்தது. வயது பத்தொன்பது; பிறந்த மாநிலம் நியூ ஜெர்சி; உயரம் ஐந்தடி ஒன்றேகால் அங்குலம். திருட்டுக் குற்றத்திற்குப் பத்தாண்டுத் தண்டனை பெற்ற அவரை, சிறை நிர்வாகம் மற்றக் கைதிகளோடு சேர்த்து இருப்புப்பாதை வேலைக்கு வாடகைக்கு விட்டது. ஆளுக்கு நாளொன்றுக்கு 25 சென்ட். அதன்பின் அவர் விடுதலையானார் என்றோ இறந்தார் என்றோ அவ்வேட்டில் குறிப்பில்லை. அரசாங்கக் கோப்புகளை மொழிபெயர்த்தே காலம் கழிக்கும் எனக்கு அந்த நடை பழக்கமானது. அதில் உயரத்திற்குக் கட்டம் இருக்கும்; பாட்டுக்கு இராது.

போட்டி நடந்தது பிக் பெண்டில் அன்று, கைதிகளும் நீராவிப் பொறிகளும் ஒருங்கே வேலை செய்த லூயிஸ் சுரங்கத்தில் என்பது நெல்சனின் துணிபு. பாறைத் தூள் நுரையீரலை அரித்ததால் தொழிலாளர் பலர் மாண்டனர் என்றும் அவர் கருதுகிறார். சம்மட்டி அடிப்போர் பாடிய பழைய வேலைப் பாட்டுகள், வெற்றியைப் புகழாமல், அந்தச் சம்மட்டிக்கு இரையாகாதே என்று எச்சரிப்பதை அவர் இதனோடு பொருத்திக் காட்டுகிறார்.

எல்லோரும் இதை ஒப்பவில்லை. ஜான் கார்ஸ்ட் என்னும் ஆய்வாளர், போட்டி நடந்த இடம் அலபாமா மாநிலத்து லீட்ஸ் அருகே, ஆண்டு 1887 என்று வாதிட்டார். டால்காட் மக்களோ சுரங்கத்தின் அருகே 1972-இல் நிறுவிய சிலையைக் காட்டி, அவர் தம் ஊரவரே என்கின்றனர். ஜூலை மாதந்தோறும் அங்கே அவர் பெயரால் விழா நடைபெறுகிறது.