புதர்க் காய்ச்சலும் தோட்டத் தமிழரும்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அங்கே காடு திருத்தித் தேயிலை நட்டவருள் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர் பலர். காடு அழிந்த இடத்தில் செடி உடனே தழைத்து நிலத்தை மூடிவிடுவதில்லை. இடைக்காலத்தில் லாலாங் புல்லும் புதரும் மண்டும். புதரை நாடி எலி வரும். எலியின் காதுமடலை நாடிச் சிற்றுண்ணி வரும். மலையாயினும் சமவெளியாயினும் தோட்டம் என்பது இப்படித்தான் பிறந்தது. அந்தப் புதரில் உறைந்த காய்ச்சலின் வரலாறு மலாயாவின் வரலாற்றில் ஒரு பகுதியாகும்.

கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிளெட்சரும் லெஸ்லாரும் 1920-களில் இக்காய்ச்சலை ஆராய்ந்தனர். நகரத்துக் கடைகளில் இருப்போர்க்கு ஒருவகை டைபஸ் காய்ச்சல்; வெளியில், புதர்க்காட்டில் பாடுபடுவோர்க்கு மற்றொரு வகை. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டிய கதை சுவையானது. டைபஸ் நோயாளியின் குருதிநீர், ‘புரோட்டியஸ்’ என்னும் தொடர்பற்ற வேறொரு கிருமியைத் திரளச் செய்யும் என்பதை வைல், பெலிக்ஸ் என்னும் இருவர் 1916-இல் கண்டிருந்தனர். கிங்ஸ்பரி என்பார் அக்கிருமியின் ஒரு வித்தை இலண்டனிலிருந்து கோலாலம்பூருக்குக் கொணர்ந்தார். ஆய்வுக் குழாயில் வளர்ந்து வளர்ந்து அது தன் மேனியையே மாற்றிக்கொண்டிருந்தது. நகரத்து நோயாளியின் குருதிநீர் பழைய வித்தைத் திரட்டியது. புதர்க்காட்டு நோயாளியின் குருதிநீரோ கிங்ஸ்பரியின் வித்தையே திரட்டிற்று. அவர் பெயரின் முதலெழுத்தால் அது ‘கே’ வித்து எனப்பட்டது. ஒரு கிருமி இடத்திற்கேற்பத் தன் கோலத்தை மாற்றியதனால் மற்றொரு கிருமியின் நோய் அடையாளம் பெற்றது!

அடுத்து, அதே கழகத்தினரான லூத்வெயிட்டும் சாவூரும், மலாயாவின் புதர்க் காய்ச்சலும் சப்பானிய ஆற்றங்கரைகளின் ‘சுசுகாமுசி’ நோயும் ஒன்றே என 1940-இல் நிறுவினர். கிருமிக்கு இன்று வழங்கும் பெயர் ‘ஓரியன்சியா சுசுகாமுசி’.

இதைச் சுமக்கும் சிற்றுண்ணியினங்களுள் ஒன்று பிளெட்சரின் பெயரையே தாங்கியுள்ளது. தமிழ்நாட்டில் இந்நோயை ‘உண்ணிக் காய்ச்சல்’ என்கிறார்கள். மாட்டு உண்ணியைப் போல இச்சிற்றுயிர் குருதி குடிப்பதன்று. தோலைக் கரைத்து அந்நீரையே உண்பது. இளம்புழுப் பருவத்தில் ஒரே முறைதான் எலியையோ மனிதனையோ கடிக்கும். பிறகு மண்ணில் வாழும். ஆகவே எலியிடம் பெற்ற கிருமியை இன்னோர் எலிக்குக் கொடுக்க அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. கிருமி நிலைபெறுவது தாய் உண்ணியிலிருந்து முட்டைக்கும், முட்டையிலிருந்து மகளுக்கும் செல்லும் வழியாலேதான். தாயைக் கொன்றால் தன் குலமும் அழியும். அதனால் உண்ணியின் உடலில் அது சாதுவாக ஒடுங்கியிருக்கிறது. கோலாலம்பூரில் 1970-களில் வளர்க்கப்பட்ட கிருமியுற்ற உண்ணிக் குடும்பங்களில் பெரும்பாலும் பெண்களே பிறந்தன. ஆணால் குலம் தொடராதன்றோ!

மனிதனிடம் வந்தாலோ கதை வேறு. குருதிக் குழாய்களின் உட்சுவர் உயிரணுக்களுள் புகுந்து, உயிரணுவின் போக்குவரத்துப் பாதையிலேயே கருவருகில் சென்று பெருகுகிறது. பின்னர் உயிரணுவின் மென்படலத்தைப் போர்த்திக்கொண்டு மொட்டுப்போல் வெளியேறுகிறது. உள்ளிருக்கும்போது ஒரு வடிவும் வெளியேறியபின் வேறொரு வடிவும் கொள்கிறது என்பது 2022-இல் வெளியான ஆய்வு. அதன் மேற்புரதமும் வித்துக்கு வித்து வேறுபடுவதால், ஒருமுறை பிழைத்தவரை நோய் மீண்டும் பற்றக்கூடும். தடுப்பூசியும் இன்னும் கைகூடவில்லை.

நோய்க்கிருமிகள் நாளடைவில் மென்மையடைந்துவிடும் என்று முன்பு பலர் எழுதினர். புதர்க் காய்ச்சல் அக்கொள்கைக்கு அடங்காது. மனிதன் கிருமியை உண்ணிக்குத் திருப்பித் தருவதில்லை. நம்மைப் பிழைக்கவிடுவதால் அதற்கு ஆதாயமில்லை, கொல்வதால் இழப்புமில்லை. நாம் அதன் வீடல்லோம். வழிதவறி நுழைந்த சத்திரமே.

மருந்து வந்தது 1948-இல். அமெரிக்க மருத்துவர் சுமேடல் குழுவினர், லூத்வெயிட், சாவூர் ஆகியோருடன் சேர்ந்து கோலாலம்பூரில் 25 நோயாளிகளுக்குக் குளோரோமைசிட்டின் கொடுத்தனர். சராசரி 31 மணி நேரத்தில் காய்ச்சல் தணிந்தது. உயிரணுவுக்குள் ஒளிந்த இக்கிருமியைப் பெனிசிலின் வீழ்த்துவதில்லை என்பதையும் இங்கே நினைக்க.

மருந்திருந்தும் நோயை இனங்காணுதல் எளிதாகவில்லை. மலேசிய மருத்துவமனைகளில் காய்ச்சலுற்ற 1,629 பேரை ஆராய்ந்த கட்டுரை 1984-இல் வெளிவந்தது. அதனை எழுதியோருள் ஒருவர், ஓட்டத்தில் ஆசியப் புகழ் பெற்ற நம் டாக்டர் மணி ஜெகதீசன். அதன்படி முதலிடம் பெற்றது மலேரியாவன்று, புதர்க் காய்ச்சலே: 19.3 விழுக்காடு. செம்பனைத் தோட்டத் தொழிலாளரிடையேயோ 46.8 விழுக்காடு! தோட்டத்து லயங்களில் ‘மலேரியா’ என்றே பெயரிடப்பட்டு மாண்டவருள் எத்தனை பேர் இதற்கு இரையாயினரோ!

அக்குளிலோ தொடையிடுக்கிலோ கடிபட்ட இடத்தில் வலியற்ற கரும்பொருக்கு ஒன்று தோன்றுவதுண்டு. எல்லார்க்கும் தோன்றாது, தோன்றினாலும் மறைவிடத்தில் இருப்பதால் நோயாளியே அறியார். இன்று வழங்கும் டாக்சிசைக்கிளின் மலிவான மருந்து. கடும் நோயாளிகளுக்கு அதனோடு அசித்ரோமைசினையும் சேர்த்துக் குருதிக்குழாய் வழியே செலுத்துவது மேலும் பயன்தரும் என்பதை வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் காட்டிற்று.