பரந்தூர் விமான நிலையம்

காஞ்சிபுரம் மாவட்டம் பரந்தூர்ப் பகுதியில் அமைக்கத் திட்டமிடப்பட்டுள்ள, சென்னைக்கான இரண்டாவது விமான நிலையம். மீனம்பாக்கத்தில் உள்ள தற்போதைய விமான நிலையத்தில் நெரிசல் பெருகியதால் பன்னூர், திருப்போரூர், படாளம் ஆகிய இடங்களும் பரிசீலிக்கப்பட்டன. 2022 ஆகஸ்டில் பரந்தூர் தேர்வானது.

திட்டம்: இரண்டு ஓடுபாதைகள், ஆண்டுக்கு 10 கோடிப் பயணிகளைக் கையாளும் திறன், 13 கிராமங்களில் 5,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம். தொடக்க மதிப்பீடு சுமார் ரூ.20,000 கோடி.

மக்கள்: ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் பகுதி இது. விளைநிலம், நீர்நிலைகள், குடியிருப்புகள் பறிபோகும் என்று இக்கிராமங்களில் ஒன்றான ஏகனாபுரத்தின் மக்கள் 2022 முதல் போராடி வருகின்றனர். கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானங்களும் நிறைவேற்றினர். வேலைவாய்ப்பும் தொழில் வளர்ச்சியும் பெருகும் என்பது அரசின் வாதம்.

ஒப்புதல்: ஒன்றிய அரசு 2025 ஏப்ரலில் கொள்கையளவிலான ஒப்புதலை வழங்கியது.