புள்ளலூர்ப் போரும் கான்ட்டின் கடமை நூலும்

காஞ்சிபுரம் அருகேயுள்ள புள்ளலூர் மூன்று போர்களைக் கண்ட ஊர். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் இங்கே பகைவரை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது. மற்ற இரண்டும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் மைசூருக்கும் இடையே நடந்தவை.

மைசூரை ஆண்ட ஐதர் அலியின் பாதுகாப்பில் இருந்த பிரெஞ்சுத் துறைமுகமான மாஹேயைக் கம்பெனி 1779இல் கைப்பற்றியதும் பகை முற்றியது. மறு ஆண்டு ஜூலையில் ஐதரின் படை, கம்பெனியின் கூட்டாளியான ஆர்க்காட்டு நவாபின் நாட்டுக்குள் புகுந்தது. குண்டூரிலிருந்து வந்த கம்பெனியின் கர்னல் பெய்லியின் படை, காஞ்சியில் இருந்த கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோவுடன் சேருமுன், 1780 செப்டம்பர் 10 அன்று புள்ளலூரில் வளைக்கப்பட்டது. வெடிமருந்து வண்டிகள் வெடித்ததும் அணிகள் குலைந்தன. மன்றோ உதவிக்கு வந்து சேரவில்லை. பெய்லி சிறைப்பட்டு, 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார். 1781 ஆகஸ்டு 27 அன்று அதே ஊரில் கம்பெனித் தளபதி அயர் கூட்டும் ஐதரும் மோதினர்.

பெய்லியின் படையில் பெரும்பாலோர் கூலிக்குச் சேர்ந்த இந்தியச் சிப்பாய்கள். கம்பெனிக்குத் தானியம் கிடைக்கக் கூடாது என்று சென்னையைச் சுற்றியிருந்த ஊர்களை ஐதரின் குதிரைப்படை அழித்தது; அதைத் தொடர்ந்து பஞ்சம் வந்தது. இரு தரப்பாரும் போட்ட கணக்கில் உழவரின் உயிர் சேரவே இல்லை.

1784இல் மங்களூர் உடன்படிக்கையோடு போர் முடிந்தது. மறு ஆண்டு, மனிதரை எப்படி மதிக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை தேடிய ஜெர்மானியத் தத்துவஞானி இம்மானுவேல் கான்ட்டின் ஒழுக்கவியல் அடித்தள நூல் ரீகா நகரில் வெளிவந்தது. ஆதாயம் கருதிச் செய்யும் நற்செயலுக்கு அறத்தின் மதிப்பு இல்லை; கடமை என்பதற்காகவே செய்வதற்குத்தான் உண்டு என்றது அந்நூல். அந்தக் கடமையை அரசனோ குருவோ விதிப்பதில்லை. எல்லோருக்கும் பொருந்தும் சட்டத்தை மனிதன் தன் பகுத்தறிவால் தனக்கே விதித்துக்கொள்கிறான். அதுவே அவனுடைய தன்னாட்சி. பொருளுக்கு விலை உண்டு, வேறொன்றை அதன் இடத்தில் வைக்கலாம். மனிதனுக்கு இருப்பது மாண்பு. ஆகவே எவரையும் வெறும் கருவியாக நடத்தலாகாது.

நிலையான அமைதி குறித்து 1795இல் எழுதிய நூலில் கான்ட் இந்த அளவுகோலைப் போருக்கும் நீட்டினார். கொல்லவும் சாகவும் கூலிக்கு ஆள் பிடிப்பது மனிதரை அரசின் கையில் இயந்திரமாக்குவது என்றார். வணிகம் என்ற பெயரில் இந்துஸ்தானத்துக்கு அந்நியப் படைகளைக் கொண்டுவந்து மக்களை ஒடுக்கியதையும், அதனால் விளைந்த போர்களையும் பஞ்சத்தையும் பெயர் சொல்லியே கண்டித்தார். முன்பு மனித இனங்களைத் தரம் பிரித்து எழுதியவரும் அவரே. தன் நூலின் முழு அளவுக்கு அவரே வளர வேண்டியிருந்தது.

புள்ளலூரில் நிற்கும் இரண்டு நினைவுத்தூண்கள் 1781 போரில் மாண்ட கம்பெனி அதிகாரிகளுக்கு உரியவை. அங்கே மடிந்த சிப்பாய்களுக்கும், போரில் வாழ்விழந்த உழவர்களுக்கும் அதே மரியாதை உரியது. அவர்களுக்கும் அவ்வூரில் ஒரு கல் நடப்பட வேண்டும்.