உடக்கும் திரையும்: மௌனப் படங்களை மீண்டும் எடுப்பது பற்றி மன்னாரிலிருந்து ஒரு வாதம்

மன்னார்த் தீவின் பேசாலையில் உடக்குகளைக் கொண்டு கிறிஸ்துவின் பாடுகளைக் காட்டும் மரபு ‘உடக்குப் பாஸ்’ எனப்படும். உடக்கு என்றால் பொம்மை, சுரூபம். பாஸ் என்பது போர்த்துக்கேயரோடு வந்து கரையோர நாவில் தேய்ந்த சொல். உடக்குக்கு வாய் கிடையாது. அதற்கான துயரத்தைப் பக்கத்தில் இருப்பவர்கள் வாசித்தும் பாடியும் தருகிறார்கள். தவக்காலத்தில் இக்கரையில் இழுத்து வாசிக்கப்படும் வியாகுலப் பிரசங்கம், 1705இல் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகள் இயற்றியது. பெரிய வெள்ளியன்று சிலுவையிலிருந்து இறக்கும் நேரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஆணியைக் கழற்றியதும் சுரூபத்தின் கை தோள்மூட்டில் மடங்கிச் சரியும், வெள்ளைத் துணியில் அதை ஏந்துவார்கள். சுரூபத்தின் முகம் அப்படியே இருக்கும். மாறுவது வாசிப்பவரின் குரல், அழுவது கோயில்.

இந்த அனுபவம் உள்ள ஊருக்கு மௌனப் படத்தைப் புதிதாக அறிமுகம் செய்யத் தேவையில்லை. பழைய மௌனப் படங்களை இன்றைய பார்வையாளருக்காக மீண்டும் எடுக்கலாமா என்ற கேள்வியை நான் இங்கிருந்து எழுப்புவதும் அதனால்தான்.

தென்னிந்தியாவில் ஊர் ஊராகச் சென்று சலனப்படம் காட்டியவர்களில் முன்னோடி, திருச்சியில் ரயில்வே எழுத்தராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட். 1905இல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து அவர் வாங்கிய படச்சுருள்களில் ஒன்று இயேசுவின் வாழ்க்கை. தமிழ்நாட்டு மௌனப்படக் கொட்டகைகளில் திரைக்கு அருகே ஒருவர் நின்று கதையையும் வசனத்தையும் உரக்கச் சொல்லுவார் என்பதைத் திரை வரலாற்றாசிரியர் தியடோர் பாஸ்கரன் பதிவுசெய்திருக்கிறார். திரையில் ஊமை உருவம், ஓரத்தில் ஒரு குரல். பேசாலையின் ஏற்பாடும் இதுவேதான். ஆகவே ‘மௌனப் படம்’ என்ற பெயரே பாதிப் பொய். சுருள் மட்டுமே மௌனம்; காட்சி ஒருநாளும் மௌனமாக இருந்ததில்லை.

இக்காலத்தவர் அவற்றைப் பொறுமையாகப் பார்க்கமாட்டார்கள் என்பது மறுஆக்கம் கேட்பவர்களின் முதல் வாதம். பழைய படத்தில் மனிதர்கள் வெட்டுக்கிளி போலத் துள்ளுவதைக் கண்டு பிள்ளைகள் சிரிப்பது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் படத்தின் குறையல்ல. நொடிக்கு 16 சட்டகமாகச் சுழற்றிப் பிடித்ததை 24 சட்டகமாக ஓட்டினால் ஒரு மணிநேரப் படம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். அரசனும் ஓடுவான், பாடையும் ஓடும். வேகத்தைச் சரிசெய்தால் பாதிச் சிரிப்பு அடங்கும். பேச்சில்லாப் படத்துக்கு இன்று ஆளில்லை என்பதற்கோ, 1987இல் கமல்ஹாசன் நடிக்க சிங்கீதம் சீனிவாசராவ் எடுத்த ‘பேசும் படம்’ பதில் சொல்லிவிட்டது.

இரண்டாவது வாதம் கனமானது. மறுஆக்கம் நம் மரபுக்கு அந்நியமா? இந்தியத் திரைப்பட முன்னோடி பால்கேயே 1913இல் எடுத்த ‘ராஜா ஹரிச்சந்திரா’வை 1917இல் மறுபடி எடுத்தார். இன்று நாம் பார்க்கும் துண்டுச் சுருள் 1913ஆம் ஆண்டினது அன்று, 1917ஆம் ஆண்டினதே என்று வாதிடும் திரை வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். இது எனக்கு ஆறுதல் தருவதில்லை. மூலம் எது, மறுபடி எது என்று பிரித்தறிய முடியாத நிலைக்குத்தானே வந்து நிற்கிறோம்?

பாஸ் மரபிலும் இத்தகைய மறுஆக்கம் நடந்தது. இலங்கையின் மேற்குக் கரையிலுள்ள பொரலெஸ்ஸவில் 1923இல் லோரன்ஸ் பெரேரா, ஜெர்மனியின் ஓபராமெர்கவ் ஊரில் நடக்கும் பாடுகளின் நாடகத்தின் தாக்கத்தில், சுரூபங்களின் இடத்தில் ஆட்களை நடிக்கவைத்தார். கூட்டம் பெருகியது. பின்னாளில் பெண்களும் மேடையேறியபோது திருச்சபை ஆட்சேபித்தது. ஆள் நடித்தால் முகபாவம் கிடைக்கும், சரிதான். ஆனால் முகம் மாறாத உடக்கைப் பார்த்து நாமே அதற்கு முகம் கொடுத்த அந்த வேலை பார்வையாளரிடமிருந்து பறிபோகிறது. மௌனப் படத்துக்குப் பேச்சும் வண்ணமும் ஏற்றி மறுபடி எடுக்கும்போதும் இழப்பு இதுவே.

அப்படியானால் எதையும் தொடக்கூடாதா? இங்கே எனக்கு முன்மாதிரி பேராசிரியர் சு. வித்தியானந்தன். விடிய விடிய ஆடிய கூத்தைச் சுருக்கிப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தவர் அவர். ‘கர்ணன் போர்’ 1962, ‘இராவணேசன்’ 1964. அதே ஆண்டுகளில் மன்னாரின் பழைய நாடகங்களைப் பதிப்பித்தவரும் அவரே: ‘என்றீக்கு எம்பரதோர்’ 1964, ‘மூவிராசாக்கள்’ 1966, ‘ஞானசவுந்தரி’ 1967. ஒரு கையால் வெட்டினார், மறு கையால் வெட்டாத ஏடுகளை அச்சிலேற்றினார். சுருக்கத்தைக் குறைசொல்பவர்களும் முழு நாடகப் பிரதிக்காக அவரிடமே போகவேண்டியிருக்கிறது. மறுஆக்கத்துக்கு நான் கேட்கும் நிபந்தனையும் இவ்வளவுதான்: மூலம் பக்கத்திலேயே, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும்.

சினிமாவில் இந்த நிபந்தனை அனேகமாக நிறைவேறுவதில்லை. நடராஜ முதலியாரின் மௌனப் படமான ‘கீசக வதம்’ இன்று இல்லை. இலங்கையில் 1925இல் உருவான ‘ராஜகீய விக்கிரமய’வும் இல்லை. இல்லாததை மறுபடி எடுப்பதாகச் சொல்வது வெறும் சொற்சிலம்பம். கீசகன் கதையை யாரும் புதிதாக எடுக்கட்டும், முதலியாரின் பெயரை மட்டும் அதில் ஒட்டவேண்டாம்.

இருப்பது ‘மார்த்தாண்ட வர்மா’. நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்து பி.வி. ராவ் இயக்கிய 1933ஆம் ஆண்டு மௌனப் படம். படத்துக்கு அடிப்படையான சி.வி. ராமன் பிள்ளையின் நாவலை வெளியிட்ட பதிப்பகம் உரிமை வழக்குத் தொடுத்ததால் சில நாட்களிலேயே பெட்டிக்குள் போனது. ஓடாமல் கிடந்ததால் பிழைத்தது. 1974இல் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் அதைப் பெற்றது. இந்தப் படத்தை மறுபடி எடுக்கத் தேவையில்லை. மறுபடி உண்டாக்கவேண்டியது அதற்கு அருகே நிற்கும் குரலைத்தான். வியாகுலப் பிரசங்கம் வாசித்துப் பழகிய ஒருவர், மத்தளத்தோடு ஓர் அண்ணாவியார் (கூத்து ஆசான்), சரியான வேகத்தில் ஓடும் படம்: மன்னாரில் ஒரு மண்டபத்துக்கு இவை போதும். தலைப்பட்டைகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருப்பதால், முதலில் தமிழில் ஒரு வாசகம் எழுதிக்கொள்ளவேண்டும். சட்டகங்களை எண்ணி, இழுத்து வாசிக்க இடம் விட்டு.