பீரங்கி மேடு

தஞ்சாவூருக்குப் போகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்க்கிறார்கள். அரண்மனையையும் சரஸ்வதி மகாலையும் பார்க்கிறார்கள். தலையாட்டிப் பொம்மை ஒன்று வாங்கிக்கொண்டு ரயிலேறிவிடுகிறார்கள். கோட்டையின் கிழக்கு வாசல் பக்கம் மேட்டின்மேல் ஒரு பீரங்கி கிடக்கிறதே, அதை விசாரிப்பவர்கள் குறைவு. சுமார் 25 அடி நீளம். எடை 22 டன் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் ரகுநாத நாயக்கர் ஆண்டபோது செய்தது.

"இவ்வளவு இரும்பை எப்படித்தான் உருக்கி வார்த்தார்களோ!" என்று என்னோடு வந்த நண்பர் வாயைப் பிளந்தார். உருக்கவும் இல்லை, வார்க்கவும் இல்லை என்பதுதான் விஷயம்.

வெண்கலம் உருகும், வார்க்கலாம். பீஜப்பூரில் இருக்கும் மாலிக்-இ-மைதான் 1549இல் அப்படி வார்த்ததுதான். வார்த்தவனுடைய பெயரையும் அதில் பொறித்திருக்கிறார்கள். இரும்பின் குணம் வேறு. அது உருக வேண்டுமானால் 1,500 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். நம் பழைய உலைகளில் அவ்வளவு சூடு ஏது? கனிமண் கரியோடு வெந்து, குழைந்த கட்டியாக அடியில் தங்கும். அதை அடித்து அடித்துக் கசடு நீக்கினால் ஓர் ஆள் தூக்கக்கூடிய இரும்பு கிடைக்கும். பெரிதாக எது செய்ய வேண்டுமானாலும் கட்டியோடு கட்டியைச் சேர்த்தாக வேண்டும். டில்லி இரும்புத் தூணும் அப்படிச் சேர்த்ததுதான்.

சேர்ப்பது எப்படி? ஒரு கிராமத்துப் பட்டறையில் சன்னல் சட்டத்தின் மூலையைப் பற்றவைப்பதை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இப்போது மின்சார வெல்டிங் அந்த வேலையை நிமிஷத்தில் முடித்துவிடுகிறது. அந்தக் கிழவர் பழைய வழக்கத்தை விடாதவர். இரண்டு பட்டைகளின் நுனியையும் சாய்வாகத் தட்டி மெலிதாக்கி, ஒன்றின்மேல் ஒன்று செங்கோணமாக உட்காரும்படி செய்துகொண்டார்.

"மூலையிலே என்ன கஷ்டம், ஆசாரியாரே?" என்று கேட்டேன்.

"நுனி மெலிசுங்க, உடம்பு தடிப்பு. உடம்பு காயறத்துக்குள்ளே நுனி எரிஞ்சு போயிடும். ரெண்டும் ஒரே சூட்டுலே வரணும்."

இரும்பு சிவந்து, மஞ்சளாகி, வெளுத்துப் பொறி பறக்கத் தொடங்கும் அந்த ஒரு கணம் தவறினால் பட்டை பாழ். முன்னதாகவே மணலைத் தூவினார். மணல், இரும்பின் மேலுள்ள செதிளோடு கூடி, கண்ணாடிக் குழம்பாகிவிடும். முதல் அடியை மெதுவாகத்தான் போட்டார். குழம்பு பிதுங்கித் தெறித்தது. இரும்பும் இரும்பும் நேராகத் தொட்டு ஒன்றாயின. கசடு உள்ளே சிக்கினால் ஒட்டாது. ஆனால் வெளியே தட்டி மழுப்பிவிட்டால் எந்த நிபுணனுக்கும் தெரியாது. சன்னலில் அது பெரிய தோஷமில்லை. பீரங்கியில், திரி வைப்பவனின் உயிர் அந்த ஒட்டில்தான் இருக்கிறது.

தஞ்சைப் பீரங்கியை உலோகவியல் அறிஞர் ஆர். பாலசுப்பிரமணியமும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 2004இல் கட்டுரை வெளியிட்டார்கள். நீண்ட இரும்புப் பட்டைகளைப் பீப்பாய்ச் சட்டங்கள் போல வட்டமாக நிறுத்தி, அவற்றின்மேல் வளையங்களை இறுக்கிச் செய்த வேலை அது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும். சூட்டில் விரிந்த வளையம் ஆறும்போது சுருங்கிக் கவ்விக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு வளையத்தின் இரு வாய்களும் முதலில் ஒட்டியாக வேண்டும். நம் ஆசாரியார் மூலைக்குப் பட்ட பாட்டை வளையத்துக்கு ஒரு தரம் பட்டாக வேண்டும். ஒற்றைத் துருத்தியால் ஆகிற காரியமா?

ஐரோப்பாவிலும் இந்த முறை உண்டு. எடின்பரோ கோட்டையில் 'மான்ஸ் மெக்' என்ற பீரங்கி இருக்கிறது. 1449இல் செய்தது, எடை 7 டன்னுக்குச் சற்றுக் குறைவு. 1680இல், யார்க் பிரபுவுக்கு மரியாதை வேட்டுப் போடும்போது அது வெடித்துவிட்டது. வெடி வைத்தவன் இங்கிலீஷ்காரன். பொறாமையால் மருந்தை அதிகம் கெட்டித்துவிட்டான் என்று ஸ்காட்லாந்துக்காரர்கள் பழி சொன்னார்கள். (ஊர் எதுவானாலும் பேச்சு ஒன்றுதான்!) வளையங்கள் பிய்ந்த இடத்தில் உள்ளே இருக்கும் நெடும்பட்டைகள் இன்றும் தெரிகின்றன.

தஞ்சையில் அப்படி உள்ளே பார்க்க வழியில்லை. அதைவிட மும்மடங்கு எடையுள்ள இந்தப் பீரங்கி, மழையிலும் வெயிலிலும் கிடந்து, வளையங்கள் ஒன்றும் பிய்யாமல் கோட்டைக்கு வெளியே வாயைக் காட்டிக்கொண்டிருக்கிறது. காலை வேளையில் போனால் இரும்பு சுடாது. அருகே போய் வளையங்களின் விளிம்பு விளிம்பாகப் பார்க்கலாம்.