வேண்டுகிறோம் என்பதற்கும் வேண்டும் என்பதற்கும் நடுவே

திங்கட்கிழமை காலையில் ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகை வாசலில் நின்று பாருங்கள் தோழர்களே. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று வடசென்னை மக்கள் கையில் மனுவோடு வருவார்கள். ஒருவருக்குப் பட்டா, ஒருவருக்கு வீடு, இன்னொருவருக்குச் சாம்பல் படிந்த ஆறு. பிரச்சினைகள் வேறு வேறு, மனுவின் நடை மட்டும் ஒன்றுதான். 'ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்.' இங்கிலீஷில் எழுதுகிறவர் 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' என்று முடிப்பார். யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்ற மூன்றுமே அதில் கிடையாது. அதிகாரிக்கு இதைவிட வசதியான வாக்கியம் இல்லை.

இந்த நடை நம் மக்கள் கண்டுபிடித்ததல்ல. பிரிட்டிஷ் ஆட்சியில் மனுவுக்கென்று ஓர் இலக்கணம் இருந்தது. மனுதாரர் 'நாங்கள்' என்று பேசுவதில்லை. 'இன்னாருடைய தாழ்மையான மனு காட்டுவதாவது' என்று படர்க்கையில் தொடங்குவார். கேட்க வேண்டியதைக் கடைசியில் 'பிரேயர்' என்ற பகுதியில் கேட்பார். பிரேயர் இல்லாத மனுவைப் பிரிட்டிஷ் பார்லிமென்ட் ஏற்காது. சென்னை உயர்நீதிமன்றத்தில் இன்று நாம் போடும் ரிட் மனுவிலும் அந்தப் பகுதிக்குப் பெயர் பிரேயர்தான். அரசியல் சட்டம் தந்த உரிமையைக் கேட்கும் இடத்துக்குக் கோயிலில் சொல்ல வேண்டிய சொல்!

ஆனால் அந்த இலக்கணத்துக்குள் நின்றே நம் முன்னோர் பெரிய வேலைகளைச் செய்தார்கள். 1891இல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கிய ரெட்டமலை சீனிவாசன், 1893இல் 'பறையன்' இதழைக் கொண்டுவந்தார். அப்போது ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுக்கொண்டிருந்தது. அதை எதிர்த்து அவர் பார்லிமென்டுக்கு அனுப்பிய மனுவில் 3,412 பேர் கையெழுத்திட்டார்கள். மனுவின் நீளம் 112 அடி.

இதை 'வெள்ளைக்கார விசுவாசம்' என்று இன்றைக்கும் சிலர் எழுதுகிறார்கள். அவர்கள் செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பிலிருந்த டிரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையை ஒருமுறை படித்துவிட்டு வரட்டும். திருவொற்றியூரும் எண்ணூரும் அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. தரிசு நிலம் கேட்டு யார் வேண்டுமானாலும் தர்காஸ்து போடலாம் என்றது விதி. ஆனால் மிராசுதாருக்கு முன்னுரிமை உண்டு என்றும் அதே விதி சொன்னது. அந்தப் 'போடலாம்' என்ற வினையை நம்பிச் சேரிக்காரர் மனு போட்டால், மிராசுதார் குறுக்கே ஒரு மனு போடுவார், நிலம் அவருக்குப் போய்விடும். குடியிருந்த மனைக்கட்டுகூட நம் பெயரில் இல்லை. தாலுகா கச்சேரியில் ஊர்ச்சாதி உட்கார்ந்திருந்தபோதே நிலை இது. மேலே கலெக்டர் நாற்காலியிலும் அவர்களே வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்ற கணக்குதான் அந்த 112 அடி. டிரமென்ஹீர் அறிக்கைக்குப் பிறகு 1892 செப்டம்பர் 30இல் வந்த 1010ஆம் எண் அரசாணையைத்தான் பஞ்சமி நிலத்தின் தொடக்கம் என்கிறோம்.

இனி 1930க்கு வாருங்கள். லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு டாக்டர் அம்பேத்கரும் அதே ரெட்டமலை சீனிவாசனும் போகிறார்கள். இருவரும் சேர்ந்து கொடுத்த பாதுகாப்புத் திட்டத்தில் கெஞ்சும் வினையைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. பெரும்பான்மையினரின் ஆட்சியின் கீழ் வாழ எந்த நிபந்தனைகளின் பேரில் நாங்கள் சம்மதிப்போம் என்று தொடங்குகிறது அது. சம்மதிப்பவன் மறுக்கவும் முடியும். முப்பத்தேழு வருடத்தில் வினைச்சொல் மாறிவிட்டது. மனு நிபந்தனைப் பட்டியலாகிவிட்டது. அந்த இரண்டிலும் இருந்தவர் ஒரே மனிதர் என்பதைப் பாடப்புத்தகம் நமக்குச் சொல்வதில்லை.

அரசியல் சட்டத்தையும் வினைச்சொல்லைப் பார்த்தே படிக்கலாம். 17ஆவது பிரிவு தீண்டாமை ஒழிக்கப்படும் என்று நாளைக்குத் தள்ளவில்லை, ஒழிக்கப்பட்டுவிட்டது என்கிறது. அதன் பேரில் எவரையும் தடுப்பது குற்றம் என்ற இடத்தில் 'ஷல்' வருகிறது. இட ஒதுக்கீட்டுக்கான 16(4) அப்படி இல்லை. அரசு ஒதுக்கினால் தடையில்லை என்ற அளவில் நிற்கிறது. அதனால்தான் 2020 பிப்ரவரியில் உத்தரகாண்ட் வழக்கில், ஒதுக்கீடு தந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் அரசுக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றத்தால் சொல்ல முடிந்தது. 'செய்ய வேண்டும்' என்று எழுதாமல் 'செய்யலாம்' என்று விட்டதன் விலை எவ்வளவு என்று பாருங்கள்.

காவல் நிலையத்தில் நடப்பதும் இதே சண்டைதான். பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் பற்றித் தகவல் வந்தால் வழக்குப் பதிய வேண்டும் என்ற சட்டத்திலுள்ள 'ஷல்', கட்டாயத்தைக் குறிக்கும் 'ஷல்'தான் என்று 2013 நவம்பர் 12இல் லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18அ பிரிவு, பதிவதற்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்கிறது. அப்படியிருந்தும் 'தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்' என்று எழுதிக் கொடுத்தால் கையில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது. 'வழக்குப் பதிவு செய்யுங்கள்' என்று எழுதுங்கள்.

'சாதி சொல்லித் திட்டப்பட்டேன்' என்றும் எழுதாதீர்கள். செயப்பாட்டு வினையில் திட்டியவன் காணாமல் போய்விடுகிறான். 3(1) பிரிவின் கீழ் சாதி சொல்லி இழிவுபடுத்திய குற்றத்துக்குப் பொதுப் பார்வையில் பட்ட இடம் என்பது முக்கியம். 2020இல் ஒரு வழக்கு, வீட்டின் நான்கு சுவருக்குள் நடந்தது என்ற காரணத்தாலேயே நிற்காமல் போனது. ஆகவே யார் திட்டினார், எந்தத் தெருவில், என்ன சொல்லால், அருகில் நின்று கேட்டவர்கள் யார் என்று எழுவாயோடு எழுதுங்கள்.

இங்கிலீஷ் வராது என்று எந்த அம்மாவும் திரும்பிப் போக வேண்டியதில்லை. அவர் தமிழில் வாயால் சொன்னால் போதும். நிலையப் பொறுப்பு அதிகாரி அதை எழுதி, படித்துக் காட்டி, அதன் பிறகே கையெழுத்து வாங்க வேண்டும், உடனே ஒரு நகலும் தர வேண்டும். அதே சட்டத்தின் 4ஆவது பிரிவில் இது கடமையாக இருக்கிறது. வேண்டுமென்றே செய்யாத அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை. கூடப் போகிற தோழர் செய்ய வேண்டியது, 'படிச்சுக் காட்டுங்க சார்' என்று கேட்டுவிட்டு, அவர் படித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்பது.